மற்றவர்கள் வரிசை

ஜொகூர் பாருவில் எச்.ஐ.வி. யார் யாருக்கு எவ்வளவு இருக்கிறது என்பதை ஒரு மன்றம் ஒன்பது ஆண்டுகளாக எண்ணிக்கொண்டிருந்தது. முழுப்பெயர் மாநகரத் தொற்றுப் பரவல் ஆய்வு மன்றம். பெயர்ப்பலகையை வாசித்து முடிப்பதற்குள் சிக்னல் பச்சையாகிவிடும். ஒன்பது ஆண்டுகளில் பதினொரு கணக்கெடுப்புகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு தொடக்க விழா, ஒரு முடிவு வெளியீட்டு விழா, நடுவில் கொஞ்சம் இரத்தம். மன்றத்தைக் குறை சொல்லக்கூடாது. எண்ணுவதாகச் சொன்னார்கள், எண்ணினார்கள். எண்ணிய பிறகு என்ன செய்வது என்று யாரும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

பன்னிரண்டாவது கணக்கெடுப்பு தெப்ராவ் பக்கம் ஒரு தாமான் குடியிருப்பின் பொது மண்டபத்தில் நடந்தது. அன்று காலை எட்டு மணிக்கே பிரேமலா போய்விட்டாள். வயது நாற்பத்திரண்டு. பிளாஸ்டிக் தொழிற்சாலையில் போத்தல் மூடி சரிபார்க்கும் வேலை. அவளுக்கு ஒரே ஒரு விஷயம் தெரிய வேண்டியிருந்தது. தனக்கு இருக்கிறதா, இல்லையா.

காரணம் அவள் புருஷன் அர்ச்சுனன். தாய்லாந்து எல்லை வரை லோரி ஓட்டியவன். இரண்டு மாதத்துக்கு முன்னால் நெஞ்சுச் சளி என்று மருத்துவமனையில் சேர்ந்தான். வீடு திரும்பிய மறுநாள், சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு விஷயத்தைச் சொன்னான். மனைவியையும் பரிசோதனைக்கு அழைத்து வரச் சொல்லியிருக்கிறார்கள். அவள் சிங்கப்பூரில் வேலை செய்கிறாள், லீவு கிடைக்காது என்று பொய் சொல்லிவிட்டு வந்திருக்கிறான். வெட்கம்தான், வேறென்ன.

தாமான் கிளினிக்கில் இலவசமாகவே பரிசோதிப்பார்கள். ஆனால் அங்கே இரத்தம் எடுக்கும் தாதி ஷாமளா அர்ச்சுனனின் சொந்தத் தங்கை. வேறு ஊர் கிளினிக்குக்குப் போகலாம்தான். ஜொகூரில் தமிழர் எங்கே போனாலும் "நீங்க எந்த ஊர்ப் பக்கம், உங்க வீட்டுக்காரர் யாரு" என்ற கேள்வி முன்னாலேயே போய் உட்கார்ந்திருக்கும். அந்தச் சமயத்தில்தான் வாட்ஸ்அப்பில் மன்றத்தின் அறிவிப்பு வந்தது. பெயர் கேட்க மாட்டோம், எல்லாம் இரகசியம் என்று போட்டிருந்தது. பிரேமலா நம்பினாள்.

எட்டு மணிக்குத் தொடங்க வேண்டியது பத்தரை வரை தொடங்கவில்லை. மன்றத் தலைவர் சபாபதி, டத்தோ பட்டம் வாங்கியவர், வந்து கோங் மணி அடித்தால்தான் ஊசி குத்தலாம். தாதிகள் கையுறை போட்டுக்கொண்டு காத்திருந்தார்கள். பிறகு கையுறையைக் கழற்றிவிட்டு நாசி லெமாக் சாப்பிட்டார்கள். டத்தோ வந்ததும் நான்கு பேர் அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். மண்டப வாசல் வெயிலில் நான்கு பொன்னாடையோடு நின்று அவர் பேசியதை ஒரு தியாகம் என்றே சொல்ல வேண்டும்.

"இந்த மன்றம் யாரையும் ஒதுக்குவதில்லை!" என்றார் டத்தோ. "அதனால்தான் ஒவ்வொருவரையும் தனித்தனி இடத்தில் உட்கார வைத்திருக்கிறோம். நோயாளி என்று யாரையும் நாங்கள் பார்ப்பதே இல்லை. ஒன்பது ஆண்டாக நான் ஒருவரைக் கூடப் பார்த்ததில்லை!"

கைதட்டினார்கள். கோங் ஒலித்தது. பிரேமலா பதிவு மேசைக்குப் போனாள். அங்கே விஜிதா என்று பெயர் அட்டை குத்திய பெண் உட்கார்ந்திருந்தாள்.

"ஆன்ட்டி, பேரு வேணாம், ஐசி கார்டு வேணாம். எந்தக் குழுன்னு மட்டும் சொல்லுங்க."

"குழுன்னா?"

விஜிதா சுவரைக் காட்டினாள். பட்டியல் ஒட்டியிருந்தது. ஊசிப் போதைப் பழக்கம் உள்ளோர் மஞ்சள். பாலியல் தொழிலாளர் சிவப்பு. ஆண்களோடு உறவுகொள்ளும் ஆண்கள் நீலம். திருநங்கையர் ஊதா. தூரப் பயண லோரி ஓட்டுநர் பச்சை. தொழிற்சாலைத் தொழிலாளர் சாம்பல். ஒவ்வொரு குழுவுக்கும் அந்தந்த நிறத்தில் டீ-சட்டை. பெயர் கேட்காமல் இருப்பதற்காக மன்றம் செய்த ஏற்பாடு இது. சட்டை போட்டவர் பெயர் யாருக்கும் தெரியாது. நிறம் மட்டும், மண்டபத்துக்கு எதிர்க்கடையில் தே தாரேக் குடித்துக்கொண்டிருந்த அத்தனை பேருக்கும் தெரிந்தது. பட்டியலில் ஒரு பிரதி அந்தக் கடைச் சுவரிலும் இருந்தது.

"நான் ஃபேக்டரிதான்மா," என்றாள் பிரேமலா.

"சாம்பல் டோக்கன் நேத்தே முடிஞ்சிருச்சு ஆன்ட்டி. ஒரு கம்பெனி ஒரே பஸ்ல அறுபது பேர அனுப்பிட்டாங்க. கோட்டா ஃபுல்."

"அப்ப கல்யாணமானவங்கன்னு போடேன். வீட்டுக்காரருக்கு இருக்கு. எனக்கும் இருக்கான்னு பாக்கணும்." இதை அவள் சத்தமில்லாமல் சொன்னாள். இரண்டு மாதத்தில் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

விஜிதாவுக்குப் பாவமாக இருந்தது. நல்ல பெண். ஆனால் படிவத்தில் அப்படி ஒரு கட்டம் இல்லை. அவள் எழுந்து போய் ஆய்வு இயக்குநர் சிவசம்புவைக் கூட்டிவந்தாள். அரசாங்கப் புள்ளிவிவர இலாகாவில் முப்பத்தொரு வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். சட்டைப் பையில் மூன்று பேனா.

"குடும்பப் பெண்களுக்கு அறிக்கையில ஏற்கெனவே ஒரு வரிசை இருக்குது அம்மா," என்றார் சிவசம்பு. "அதில பரவல் பூச்சியம். ஒன்பது வருசமாப் பூச்சியம்."

"எத்தன பேர டெஸ்ட் பண்ணீங்க சார்?"

"ஒருவரையும் இல்லை. இல்லை எண்டு தெரிஞ்சதை ஏன் பரிசோதிக்க வேணும்? அது வீண் செலவு."

"எனக்குப் பயமா இருக்கு சார்."

"பயம் எங்கட படிவத்தில இல்லை." அவர் கடுகடுப்பாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னார். "நீங்கள் அந்த வரிசைக்குள்ள வந்தால், ஒருவேளை, வேற மாதிரி ஒரு எண் வந்தால், ஒன்பது வருசத்துப் போக்கு உடைஞ்சு போகும். டத்தோ போன கிழமைதான் பேட்டியில சொன்னவர், ஜொகூர்க் குடும்பங்கள் பூச்சியம் எண்டு."

பிறகு அவளை எங்கேயாவது பொருத்திவிட வேண்டும் என்று அவர் உண்மையாகவே முயன்றார். பேனா ஒன்றை எடுத்துக்கொண்டு கேட்கத் தொடங்கினார்.

"ஊசி ஏதும் போட்டதுண்டா?"

"இல்ல சார்."

"ஒருக்காவது? சின்ன வயசில?"

"பள்ளிக்கூடத்துல தடுப்பூசி போட்டாங்க."

"அது சேராது. லோரி ஓட்டத் தெரியுமோ? பச்சையில ஏழு பேர் குறையினம்."

"சைக்கிளே ஓட்டத் தெரியாது சார். வீட்டுக்காரர்தான் லோரி."

"அவர் வரலாமே!"

"அவருக்கு இருக்குன்னு ஏற்கெனவே தெரியும் சார்."

"தெரிஞ்சவர் வந்தால் எண்ணிக்கைக்கு நல்லது," என்றார் சிவசம்பு ஏக்கத்தோடு.

பின்னால் வரிசை முணுமுணுத்தது. சிவசம்பு படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடைசி வரிக்குக் கீழே, சின்ன எழுத்தில், 'மற்றவர்கள்' என்று ஒரு கட்டம் இருந்தது. அச்சகத்துக்காரன் தானாகப் போட்டது. பதினொரு கணக்கெடுப்பில் அதை யாரும் நிரப்பியதில்லை. சிவசம்பு அதில் டிக் போட்டார். ஒரு சிக்கலைச் சட்டப்படி தீர்த்த திருப்தி அவர் முகத்தில் தெரிந்தது. மற்றவர்களுக்கென்று நிறம் ஒதுக்கவில்லை. அதனால் விஜிதா, போன வருடத்து டெங்கி பிரச்சாரத்தில் மிஞ்சிய சட்டை ஒன்றைத் தேடி எடுத்துக் கொடுத்தாள். முன்பக்கம் பெரிய கொசு. கொசுச் சட்டையோடு, 'மற்றவர்கள்' என்று தாளில் எழுதி ஒட்டிய தனி நாற்காலியில் பிரேமலா உட்கார்ந்தாள். அந்த வரிசையில் அது ஒன்றுதான் நாற்காலி.

இரத்தம் எடுத்து முடிந்தது. பஞ்சை அழுத்திக்கொண்டு கேட்டாள்.

"ரிசல்ட் எப்பம்மா வரும்?"

"வர்ற மாசம் பத்தாம் தேதி, முடிவு வெளியீட்டு விழால," என்றாள் விஜிதா.

"என்னோடது?"

"எல்லாருதும்தான் ஆன்ட்டி. தனியாச் சொல்ல மாட்டோம். தனியாச் சொன்னா இரகசியம் கெட்டுரும். உங்ககிட்டகூட சொல்ல மாட்டோம், அவ்வளவு இரகசியம்."

வெளியே சாப்பிட மீ கோரேங் கொடுத்தார்கள். பக்கத்தில் மஞ்சள் சட்டையில் முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவன் வந்து நின்றான். பெயர் செல்வா என்றான். பெயர் கேட்காத இடத்தில் அவன் ஒருவன்தான் பெயர் சொன்னான்.

"நான் ஊசியத் தொட்டு ஏழு வருஷம் ஆச்சுக்கா. இவங்க விட மாட்றாங்க லா. ஆள் பத்தலன்னு வருஷா வருஷம் ஃபோன் பண்ணிக் கூப்புடுறாங்க. வீட்ல மஞ்சள் சட்டை மட்டும் பதினொண்ணு இருக்கு. பொண்ணு பாக்கப் போனாலும் என்னைய மஞ்சள்னுதான் சொல்றாங்க."

"உங்களுக்கு ரிசல்ட் சொல்லிட்டாங்களா?"

"இங்கயா? பெர்சென்ட் மட்டும்தான்கா சொல்வாங்க. நான் கிளினிக்ல தனியாப் பாத்துக்குவேன். எனக்கு இல்ல. நீங்களும் கிளினிக்குப் போயிருங்க. இவங்கள நம்பி உக்காந்திருக்காதீங்க."

பிரேமலா தலையாட்டினாள். ஷாமளாவின் முகம் நினைவுக்கு வந்தது. பத்தாம் தேதிக்கு இன்னும் இருபத்து மூன்று நாள். காத்திருப்பது அவளுக்குச் சுலபமாகப் பட்டது. அது எவ்வளவு பெரிய தப்பு என்று முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது.

மூன்று முறை மன்றத்துக்குப் போன் செய்தாள். முதல் முறை எடுத்தவர், மற்றவர்கள் என்று ஒரு குழுவே இல்லை என்றார். இரண்டாம் முறை எடுத்தவர், இருக்கிறது, ஆனால் அதற்குப் பொறுப்பாளர் இன்னும் நியமிக்கப்படவில்லை என்றார். மூன்றாம் முறை, விழாவுக்கு வந்தால் இலவச மதிய உணவும் அதிர்ஷ்டக் குலுக்கலும் உண்டு என்றார்கள்.

வீட்டில் மகள் ஷர்மினிக்குப் பள்ளியில் ஐந்தாம் படிவம், இறுதித் தேர்வு வருடம். அம்மாவின் மைலோ கோப்பையிலிருந்து பாதி குடிப்பது அவள் பழக்கம். பிரேமலா கோப்பையைத் தள்ளி வைத்தாள். எச்சிலில் பரவாது என்று அவளுக்குத் தெரியும். போனில் நூறு தடவை படித்துவிட்டாள். தெரிந்தும் கை தள்ளி வைத்தது.

"ஏம்மா, என் மேல கோவமா?" என்றாள் ஷர்மினி.

"இல்லடா. சளி."

மூன்று வாரச் சளி என்றால் எந்தப் பிள்ளை நம்பும். மகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். அதுதான் பிரேமலாவுக்கு எல்லாவற்றையும்விட வலித்தது. அர்ச்சுனன் மேல் இருந்த ஆத்திரம்கூட ஆறிக் களைப்பாகிவிட்டது. இது ஆறவில்லை.

ஒருநாள் அர்ச்சுனன், மாத்திரையை விழுங்கிவிட்டு, வழக்கம்போல் சுவரைப் பார்த்துக் கேட்டான்.

"எடுத்தியா?"

"எடுத்தேன்."

"என்ன சொன்னாங்க?"

"பத்தாம் தேதி டத்தோ சொல்வாராம்."

அவன் திரும்பி அவளைப் பார்த்தான். கேலி செய்கிறாளோ என்று நினைத்திருப்பான். அவள் கேலி செய்யவில்லை.

பத்தாம் தேதி விழா ஒரு ஹோட்டலில். குளிரூட்டிய மண்டபம், மேடையில் குத்துவிளக்கு, பெரிய திரை. முதல் வரிசையில் மன்ற உறுப்பினர்களின் மனைவிமார் பட்டுப் புடவையில் உட்கார்ந்திருந்தார்கள். கணக்கெடுப்பில் இரத்தம் கொடுத்தவர்களுக்குக் கடைசி வரிசை. இந்தத் தடவை நிறச் சட்டை கட்டாயமில்லை என்று அறிவித்திருந்தார்கள். இரத்தம் கொடுத்தவர்களில் பிரேமலாவைத் தவிர யாரும் வரவில்லை.

வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை எல்லாம் முடிந்து திரை ஒளிர்ந்தது. ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு தூண் எழும்பியது. மஞ்சள் கொஞ்சம் உயரம், பச்சை கொஞ்சம் குட்டை. ஒவ்வொரு தூணுக்கும் டத்தோ "கவலைக்குரியது" அல்லது "கவனத்துக்குரியது" என்றார். குடும்பப் பெண்கள் என்ற இடத்தில் தூண் எழும்பவில்லை. மண்டபம் கைதட்டியது. முதல் வரிசை நிமிர்ந்து உட்கார்ந்தது.

கடைசியாகக் கறுப்பு நிறத்தில் ஒரு தூண் எழும்பத் தொடங்கியது. எழும்பியது, எழும்பியது, திரையின் உச்சியை முட்டிக்கொண்டு நின்றது. டத்தோ கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"மற்றவர்கள்," என்று வாசித்தார். "நூறு விழுக்காடு."

அந்தக் குழுவில் எத்தனை பேர் என்று திரையில் இல்லை. இரகசியம் கருதி எண்ணிக்கைகளை மன்றம் வெளியிடுவதில்லை.

பிரேமலாவுக்குக் கணக்கு அதிகம் தெரியாது. ஆனால் ஒற்றை நாற்காலி தெரியும். நூறு என்றால் என்ன என்று புரிய அவளுக்கு ஒரு நொடிதான் ஆயிற்று. அழ வேண்டும் போல் இருந்தது, ஆனால் மேடையில் டத்தோ பேசிக்கொண்டிருந்தார்.

"அன்பர்களே, இது காட்டுத்தீ!" டத்தோவின் குரல் உயர்ந்தது. "பத்துப் பேரில் பத்துப் பேர்! உலகத்தில் எங்கும் இல்லாத பரவல் நம் ஜொகூரில்! யார் இந்த மற்றவர்கள்? எங்கே இருக்கிறார்கள்? நம்மிடையே இல்லை என்பது மட்டும் எனக்கு உறுதியாகத் தெரியும். நம் குடும்பங்களை மற்றவர்களிடமிருந்து காப்பதற்கு இன்றே ஒரு இயக்கத்தைத் தொடக்கி வைக்கிறேன்!"

கோங் ஒலித்தது. எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். பிரேமலாவும் எழுந்து தட்டினாள். எல்லோரும் தட்டும்போது ஒருத்தி மட்டும் தட்டாமல் நின்றால் தெரிந்துவிடும்.

சாப்பாட்டு நேரத்தில் அவள் சிவசம்புவைத் தேடிப் போனாள். அவர் மேசையில் மனைவியோடு உட்கார்ந்து பிரியாணியை ஒதுக்கிவிட்டுத் தயிர்ப் பச்சடி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மனைவி கனகம்மா பெரிய மருத்துவமனையில் வார்டுத் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவர். முதல் வரிசைப் பட்டுப் புடவைகளில் ஒருவர்.

"சார், அந்த நூறு நான்தான்."

சிவசம்பு பதறிப்போய்ச் சுற்றிலும் பார்த்தார். "அப்பிடிச் சொல்லக்கூடாது அம்மா! அது இரகசியம்."

"அந்த வரிசையில நான் ஒருத்திதானே இருந்தேன்?"

அவர் கரண்டியை வைத்தார். கெட்டவரில்லை. அவருக்கு ஆறுதல் சொல்லத் தெரிந்தது அந்த ஒரு மொழியில்தான்.

"கவலைப்படாதையுங்கோ. ஒரு ஆள் எண்டால் அது சாம்பிளே இல்லை, முப்பது பேர் வேணும். முழு அறிக்கையில அந்த வரியை எடுத்துவிடுவன். நீங்கள் இல்லாத மாதிரியே ஆகிவிடும். இல்லாட்டி இன்னும் இருபத்தொன்பது பேரைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. உங்கட விழுக்காடு நல்லாக் குறைஞ்சிடும்."

"எனக்குக் குறையுமா சார்?"

"உங்கட குழுவுக்கு."

"எனக்குப் பதினேழு வயசுல ஒரு பொண்ணு இருக்கு சார்," என்றாள் பிரேமலா. "இருபத்து மூணு நாளா நான் அவகூட ஒரு கோப்பையில குடிக்கல. நான் இப்ப என்ன பண்றது? அதையாவது சொல்லுங்க." சத்தமாகவே கேட்டாள். பக்கத்து மேசைகள் திரும்பிப் பார்த்தன. இந்தத் தடவை அவள் அதைப் பொருட்படுத்தவில்லை.

சிவசம்பு பையிலிருந்த பேனாக்களைத் தொட்டுப் பார்த்தார். மூன்றும் இருந்தன.

கனகம்மா நாற்காலியை இழுத்துப் போட்டுப் பிரேமலாவை உட்கார வைத்தார்.

"பிள்ளையோட ஒரே கோப்பையில தாராளமாக் குடியும். அதால ஒண்டும் வராது. நாளைக்குக் காலமை எட்டு மணிக்கு நான் வேலை பார்த்த இடத்துக்குப் போவம். திரும்ப எடுத்து நிச்சயப்படுத்துவினம். இருந்தால் மருந்து இருக்கு. நான் வார்டில பார்த்த ஆக்கள் இண்டைக்குப் பேரப்பிள்ளை தூக்கிக்கொண்டு திரியினம்."

"நீங்க எதுக்கு மேடம் அலையணும்? நானே போயிருவேன்."

"எனக்கும் எடுக்கத்தான்," என்றார் கனகம்மா.

சிவசம்பு திடுக்கிட்டார். "உமக்கா? உமக்கு என்னத்துக்கு? நீர் பூச்சியம் வரிசை."

"ஒன்பது வருசமா நீங்கள் சொல்லுறதைக் கேட்டுக் கைதட்டிக்கொண்டு இருந்தனான். இஞ்ச பாருங்கோ, முப்பத்தொரு வருசத்தில எத்தனை ஊர் கருத்தரங்கு, எத்தனை ஹோட்டல். அங்க என்ன நடந்தது எண்டு நான் ஒருக்காலும் கேட்டதில்லை. இண்டைக்கும் கேக்கேல்லை. வேணாம் எண்டு நீங்கள் சொன்னால் நான் போகேல்லை. சொல்லுங்கோ."

சுலபமான கேள்வி. ஒரு சொல்லில் முடிந்திருக்கும். மேடையில் அதிர்ஷ்டக் குலுக்கலுக்கு எண் வாசித்தார்கள். யாரோ ஒரு மின்விசிறியை வென்றார்கள். சிவசம்பு தயிர்ப் பச்சடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கனகம்மா கைப்பையைத் திறந்து, ஒரு தாளில் தன் போன் எண்ணை எழுதிப் பிரேமலாவிடம் கொடுத்தார்.

"எட்டு மணி. பிந்த வேண்டாம்."

"ரெண்டு பேரை வைச்சு ஒண்டும் சொல்லேலாது கனகம்," என்றார் சிவசம்பு, பழக்க தோஷத்தில். "ரெண்டு பேர் எண்டால், ஒண்டில் ஐம்பது விழுக்காடு வரும். இல்லாட்டி நூ..."